நாச்சிமுத்து வைத்த முறை

நாச்சிமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் தேவிகுளத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் டுட்டோரியல் கல்லூரிக்குக் கீழே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அங்கேதான் எனக்குத் தொலைபேசி வரும். கடைக்காரர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். இறங்கிப் போய் எடுத்தேன். மறுமுனையில் சேஷாத்ரி, கல்லூரியில் எங்களோடு படித்தவன். "இசக்கி, நாச்சிமுத்து போயிட்டான். இன்னிக்குக் கார்த்தால," என்றான். சரி என்று சொல்லி வைத்துவிட்டு மேலே வந்து, பாதியில் விட்ட பாடத்தை முடித்தேன். பிறகுதான் பஸ் ஏறினேன். இதை நெஞ்சழுத்தம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நாச்சிமுத்து போய்விட்டான் என்றதும் பதறி ஓடுகிற உறவு எங்களுக்குள் இல்லை. போகாமல் இருந்துவிடக்கூடிய உறவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் நாங்கள் படித்த கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவன் கூடைப்பந்து ஆடி ஒருநாளும் பார்த்திராதவர்கள் மேடையில் பேசினார்கள். அவனோடு ஆடிய நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்டோம். பொன்விழா மலரில் நாங்கள் கோப்பை வாங்கிய வருடத்து அணியின் படத்துக்கு அடியில் நாலைந்து பெயர்களைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று முடித்த பெருமக்களும் பேசினார்கள். அந்தப் பலரில் நான் ஒருவன். அதை நான் மறக்கவில்லை. ஒரு சிறு நினைவுப் புத்தகம் போடப்போவதாகவும், நீங்களும் எழுதவேண்டும் என்றும் நாச்சிமுத்துவின் மனைவி கேட்டார். அவரிடம் மறுக்க முடியவில்லை. ஆகவே அவனை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவனைக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயியாகத்தான் தெரியும். வாய்க்கால் தகராறுகளைத் தீர்த்து வைத்த பெரிய மனிதராகத் தெரியும். எனக்கு அவன் எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கேப்டன். கல்லூரிக்கு வரும்வரை அந்தப் பந்தைத் தொட்டதில்லை. தட்டிக்கொண்டு ஓடும்போது குனிந்த தலை நிமிராது. தூரத்திலிருந்து எறிந்தால் வளையத்தில்கூடப் படாது. ஆனால் எதிராளியின் முன்னால் போய் நின்றுவிட்டால், அவனைத் தாண்டிப் போக யாராலும் முடியாது. கூடைக்கடியில் எகிறி அவன் பிடித்த பந்தை யாரும் பிடுங்கியதும் இல்லை. பிடிவாதக்காரன். விடுதிச் சாப்பாட்டில் அடுத்தவன் இலையிலிருந்து கேட்காமல் அப்பளம் எடுப்பான். என் தெற்கத்திப் பேச்சை எல்லார் முன்னாலும் பேசிக் காட்டுவான். இறந்தவனைப் பற்றி இதெல்லாம் எழுதக் கூடாது என்பார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவனைப் பற்றியதாகிவிடும்.

அணியில் நாங்கள் பத்துப் பேர். கிழக்கே இருந்து வந்த விவசாயக் குடும்பத்துப் பையன்கள், மேற்கே இருந்து வந்த மலையாளிகள், பாலக்காட்டு அக்கிரகாரத்திலிருந்து சேஷாத்ரி, தெற்கேயிருந்து தேவிகுளத்து மலைக்குப் போன தோட்டக் குடும்பத்திலிருந்து நான். உடற்கல்வி ஆசிரியர் வாலிபால்காரர். கூடைப்பந்து அவருக்கு ஒரு விளையாட்டாகவே படவில்லை. "நிங்ஙள் தன்னே நோக்கிக்கோ" என்று எங்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதனால் யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதெல்லாம் நாச்சிமுத்துவின் கையில் இருந்தது.

அந்த வருடத்தின் முதல் ஆட்டத்தில் தோற்றோம். எங்களில் நன்றாக ஆடக்கூடிய ஐந்து பேரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடினோம். கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் பனைகளும் வெட்டவெளியும்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. பாதி ஆட்டம் வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். பிறகு கால்கள் கேட்கவில்லை. மீதி ஐந்து பேர் பெஞ்சில் சட்டை கசங்காமல் உட்கார்ந்து நாங்கள் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பயிற்சியில் நாச்சிமுத்து எல்லாரையும் மண்ணில் உட்காரவைத்தான்.

"அஞ்சு பேரு வயல்ல மட்டும் தண்ணி நிக்குது. மத்த அஞ்சு பேருது வெடிச்சுக் கெடக்குது," என்றான். "ஒரு வாய்க்கால்ல இப்படி உட்டா எங்கூர்ல வெட்டுக்குத்துதான். இனிமே முறை வெச்சு ஆடறோம்."

அவன் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். ஒருவருடைய நேரம் முடிந்தால், அவர் வயல் நிறைந்திருந்தாலும் நிறையாவிட்டாலும், மடையைத் திருப்பி அடுத்தவர் வயலுக்கு விட்டுவிட வேண்டும். அதையே அவன் ஆட்டத்தில் வைத்தான். ஒவ்வொரு பாதியையும் சம துண்டுகளாகப் பிரித்தான். துண்டு முடிந்து, அடுத்து பந்து நிற்கிறபோது இருவர் வெளியே, இருவர் உள்ளே. நன்றாக ஆடுகிறாயா, மோசமாக ஆடுகிறாயா என்ற கேள்வியே கிடையாது.

நாங்கள் சிரித்தோம். "மடை திருப்பற ஆளு யாருங்க கவுண்டரே?" என்று ஒருவன் கேட்டான். "நான்தான். அதனால மொத ஆளா நான் வெளிய போறேன்," என்றான். அப்படியே செய்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் துண்டு முடிந்ததும் கேப்டன் வெளியே வந்து டவலைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். எதிரணியினர் எங்களைப் பார்த்து ஏளனம் செய்தார்கள். ஆனால் கடைசித் துண்டில் அவர்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும்போது எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆட்டம் ஜெயித்தோம், அடுத்ததும் ஜெயித்தோம். கல்லூரியில் எங்களை யாரென்றே தெரியாதவர்கள் நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள்.

இந்த முறையால் அதிகம் லாபம் அடைந்தவன் நாங்கள் சேஷு என்று கூப்பிட்ட சேஷாத்ரி. மூக்குக்கண்ணாடியை நூலால் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடுவான். பந்து வந்தால் ஒதுங்குவதா பிடிப்பதா என்று ஒரு கணம் யோசிப்பான். முறை வைக்காவிட்டால் அவன் கோர்ட்டையே மிதித்திருக்க மாட்டான். எனக்கு மாற்றாக வருகிறவன் அவன்தான். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மதியம் தன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மரத்தடியில் தனியே போய்த் திறப்பான். ஏன் தனியே என்று எனக்குத் தெரியும். நான் வெளியே வருவேன், அவன் உள்ளே போவான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

ஓண விடுமுறைக்கு மலைக்குப் போன நான் திரும்பவில்லை. அய்யாவுக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்தால், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவன் தோட்டத்தில் பெயர் பதிந்தால் வீடு குடும்பத்துக்குத் தங்கும். வீட்டில் நான் ஒரே பிள்ளை. கணக்கப்பிள்ளைக்கு உதவியாக ஓர் இடம் இருப்பதாகத் தோட்ட ஆபீஸில் சொன்னார்கள். படித்தது போதும் என்று அய்யா முடிவெடுத்துவிட்டார். எனக்கும் மறுத்துப் பேசத் தைரியமில்லை.

ஒருநாள் மழையில் நாச்சிமுத்து லயத்து வாசலில் வந்து நின்றான். உடுமலை, மறையூர் வழியாக பஸ் மாறி மாறி வந்திருந்தான். மெல்லிய சட்டை. குளிரில் பல் கிட்டிக்கொண்டது. அம்மா அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னாள். அவன் அய்யாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"பந்தெறிஞ்சா வீடு கெடைக்குமாய்யா?" என்று அய்யா கேட்டார்.

"கெடைக்குமுங்க. பல்கலைக்கழக டீமுக்கு எடுத்துட்டாங்கன்னா பேங்க்ல, ரயில்வேல கூப்புட்டு வேலை குடுக்கறாங்க. குவார்ட்டர்ஸும் குடுக்கறாங்க. இவன் கை அப்படிப்பட்ட கைங்க. கடைசி ஆட்டத்துக்கு ஆளெடுக்கறவங்க வருவாங்க. அதுவரைக்கும் உடுங்க."

"நீரு பொறுப்பா?"

"கூட்டிட்டுப் போயி ஆட வெக்கறது என் பொறுப்புங்க."

வாழ்நாளில் மேலதிகாரிகள் சொன்னதை மட்டுமே கேட்டுப் பழகிய அய்யா, இந்தப் பையன் சொன்னதைக் கேட்டார். மறுநாள் காலை மாட்டுப்பட்டி அணையைப் பார்க்கவேண்டும் என்று நாச்சிமுத்து சொன்னான். கூட்டிப் போனேன். தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இது கீழ எத்தன ஊருக்குப் போகுது, யாரு முறை வெக்கறாங்க?" என்று கேட்டான். அதெல்லாம் எனக்குத் தெரியாது, கரண்டுக்குப் போகிறது என்றேன். இவன் மலைக்கு வந்தாலும் வாய்க்காலைத்தான் பார்க்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். அன்றே அவனோடு பஸ் ஏறினேன். தோட்டத்து இடம் அடுத்த லயத்துப் பையனுக்குப் போயிற்று.

அதன் பிறகு நான் ஆடியது போல வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. காற்றடிக்கும் கோர்ட்டில் பந்தை எந்தப் பக்கம் தள்ளி எறிந்தால் காற்றே அதை வளையத்துக்குக் கொண்டுபோகும் என்பதைக் கை கற்றுக்கொண்டது. மண்டலப் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தோம். பல்கலைக்கழக இறுதி ஆட்டம் திருச்சூரில், சிமெண்டு கோர்ட்டில். எங்கள் எதிரணி வருடா வருடம் கோப்பை வாங்குகிற நகரத்துக் கல்லூரி. துணிப் பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு ஆளெடுப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் பாதியில் நான் தொட்டதெல்லாம் விழுந்தது. ஓரத்திலிருந்து எறிந்தேன், விழுந்தது. இருவர் மறித்தபோது பின்னால் சாய்ந்து எறிந்தேன், அதுவும் விழுந்தது. பந்தலில் எழுதிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் விசில் ஊதிப் பந்து நின்றது. துண்டு முடிந்திருந்தது. கடைசித் துண்டு மட்டுமே பாக்கி. நாச்சிமுத்து விரலை நீட்டி என்னையும் இன்னொருவனையும் காட்டினான். எல்லைக் கோட்டருகே சேஷு கண்ணாடி நூலை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

நான் நாச்சிமுத்துவிடம் ஓடினேன். "இந்த ஒரு தடவை விட்டுரு. பாத்துக்கிட்டு இருக்காங்கல்லா," என்றேன்.

"தெரியும்."

"எங்க அய்யாகிட்ட நீ சொன்னியே."

"மறக்கல. ஆனா என்கிட்டக் கேக்காத. இது சேசு முறை. அவங்கிட்டக் கேளு. குடுத்தான்னா ஆடு."

நான் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் மேலே இருப்பவனிடம் கேட்போம். கங்காணியிடம் கேட்போம், சூப்பர்வைசரிடம் கேட்போம், அதற்கும் மேலே என்றால் மானேஜர் பங்களா வாசலில் போய் நிற்போம். பக்கத்தில் கொழுந்து பறிக்கிறவனிடம் கேட்டு எது கிடைத்தது? கேப்டன் தட்டிக்கழிக்கிறான், அதிலும் என்னோடு பேசாத ஒருவனிடம் கையேந்த வைத்து அவமானப்படுத்துகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. நடுவர் அவசரப்படுத்தினார். நான் வெளியே வந்தேன், சேஷு உள்ளே போனான்.

மீதி ஆட்டத்தை பெஞ்சிலிருந்து பார்த்தேன். சேஷு ஒரு ஃப்ரீ த்ரோவை வளையத்துக்கே எட்டாமல் எறிந்தான். ஆனால் எதிரணியின் உயரமான ஆட்டக்காரனோடு அவன் போய் ஒட்டிக்கொண்டு நின்றது உண்மை. நாச்சிமுத்து கூடைக்கடியில் வந்த பந்தையெல்லாம் பிடித்தான். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். சேஷுவைத் தூக்கினார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதலில் வெளியே போகிறவன் முதலில் திரும்பி வருகிறான்; அவனுக்குக் கடைசித் துண்டு எப்போதும் கிடைத்துவிடுகிறது. வருடம் முழுவதும் நாங்கள் தியாகம் என்று நினைத்தது அவனுக்கு எவ்வளவு வசதியான முறை.

ஆளெடுப்பவர்கள் எங்கள் அணியிலிருந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நாச்சிமுத்துவை. போனான், ஒரு வருடம் ஆடினான், நன்றாகவே ஆடினான் என்று கேள்வி. ஒரு வங்கி வேலைக்கு அழைத்தது. போகவில்லை. அவனுக்கு நெல் இருந்தது. எங்கள் கையைவிட்டுப் போன வேலை இன்னொருவனுக்காவது பயன்பட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அய்யா ஓய்வுபெற்றதும் லயத்தைக் காலி செய்தோம். காந்தலூரில் ஒருவரின் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் ஓர் ஓட்டு வீடும் கிடைத்தன. யார் சொன்னார்களோ தெரியாது. சாமான் ஏற்றுகிற அன்று நாச்சிமுத்து தேங்காய் ஏற்றும் லாரியோடு வந்து நின்றான். நான் அவனோடு பேசவில்லை. அவன் அம்மாவின் இரும்புப் பெட்டியைத் தோளில் தூக்கினான், கோழிக் கூண்டைத் தூக்கினான், கட்டிலைக் கழற்றிக் கட்டினான். அய்யா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏல, வந்தவருக்குத் தண்ணி குடுல. நீ மொகத்தத் திருப்புனா வீடு திரும்பி வருமா?" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பைத் தந்தான். கடைசிவரை அய்யாவுக்கு அவன் 'கவுண்டர் தம்பி'தான். இது என்னை அதிகம் எரித்தது. அய்யா காந்தலூரிலேயே, அடுத்தவர் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே காலத்தை முடித்தார். அம்மாவும் அந்த ஓட்டு வீட்டில்தான் போனாள்.

நான் தபால் வழியில் எம்.ஏ. முடித்தேன். நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் யாரோ ஒருவருக்கு அந்த இடம் முடிவாகியிருக்கும். கடைசியில் டுட்டோரியலில் வந்து நின்றேன். இதற்கெல்லாம் நாச்சிமுத்து காரணமில்லை என்று சொல்பவர்கள் என் இடத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

சென்ற வருடம் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று தெரிந்து பார்க்கப் போனேன். அந்த அகன்ற உடம்பு பாதியாகியிருந்தது. ஜன்னல் வழியாக வாய்க்கால் தெரியும்படி கட்டிலைப் போட்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஒரு விவசாயி வந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரம், இந்தத் தடவை மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லவேண்டும் என்று கெஞ்சினார். நாச்சிமுத்து படுத்தபடியே, "என்கிட்டக் கேட்டா என்ன பண்றது மாப்ள? அடுத்த முறை ரங்கசாமிது. அவங்ககிட்டக் கேளு. குடுத்தா எடுத்துக்க," என்றான். வந்தவருக்கு இதில் வருத்தமோ வியப்போ இல்லை. தலையாட்டிவிட்டு ரங்கசாமியைத் தேடிப் போனார். சிறிது நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டே வரப்பில் நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது.

திருச்சூரில் எனக்குச் சொன்னதும் இதைத்தானா என்று அவனிடம் கேட்டேன்.

"பின்ன? தண்ணி என்ன என்னுதா, நான் எடுத்துக் குடுக்க? யாரு முறையோ அவங்கதான் குடுக்கோணும்."

அப்படியானால் கேப்டன் என்று நீ எதற்கு இருந்தாய் என்றேன். நேரத்துக்கு மடையைத் திருப்புவதற்கு என்றான். கடைசித் துண்டு எப்போதும் உன்னிடமே வந்ததே என்று, இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்ததையும் கேட்டேன். அவன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தான். "அட ஆமா. இது எனக்குத் தோணவே இல்லியேடா. அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா மாத்தி வெச்சிருக்கலாம்," என்றான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இருக்கிறதா என்று நானும் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அய்யாவின் வீடு போயிற்று என்றேன்.

"தெரியும். நான்தான ஏத்திட்டுப் போனேன்."

"தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாச்சி. அது போதும் எனக்கு."

அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

"சொல்லலாம். சொன்னா நீயும் நிம்மதியாப் போவே," என்றான். "ஆனா அது தப்புன்னு எனக்குத் தோணலியே, இசக்கி. மறுக்கா அந்த ஆட்டம் வந்தாலும் உன்னைய வெளிய கூப்புடத்தான் செய்வேன். வருத்தமா இருக்கும். அன்னைக்கும் இருந்துச்சு."

நான் மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதுதான் கடைசிச் சந்திப்பு.

அவனை எரியூட்டிய அன்று தென்னந்தோப்பில் சேஷுவும் நானும் சற்று ஒதுங்கி நின்றிருந்தோம். சேஷு பரீட்சை எழுதி வங்கியில் சேர்ந்து பெரிய அதிகாரியாகிவிட்டான். தலை முழுக்க நரை. இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். மரத்தடியில் தனியே டிபன் கேரியர் திறந்ததைப் பற்றி ஒருமுறை அவனாகவே வெட்கப்பட்டுச் சொல்லியிருக்கிறான். நாச்சிமுத்து கடைசியாக என்னிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன். பிறகு அதுவரை கேட்காததைக் கேட்டேன். அன்று உன்னிடம் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?

சேஷு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். புகையினால் கண்ணில் நீர் வந்திருந்தது.

"கொடுத்திருக்க மாட்டேன்," என்றான். "அன்னிக்கு அப்பா வந்திருந்தார். நோக்கு ஓர்மை இருக்காது. வாசல் பக்கத்துல குடையை ஊணிண்டு நின்னுண்டிருந்தார். நான் பந்து விளையாடறேன்னு சொன்னா அவர் நம்பவே மாட்டார். ஊர் சுத்திட்டுப் பொய் சொல்றேன்னு நினைப்பு. அன்னிக்கு ஒரு நாள்தான் பாக்க வந்தார். நீ காலைப் பிடிச்சுக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், இசக்கி. நேக்கும் அதுதான் வேண்டியிருந்தது."

இது நாச்சிமுத்துவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. அவன் யார்கிட்டயும் காரணம் கேட்டதில்லையே."

அப்போது எனக்கு சேஷுவின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு வாசலருகே நின்ற ஒரு மனிதரை, நான் அன்று பார்க்காத ஒருவரை, நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அந்தக் கடைசித் துண்டில் ஏதோ கிடைத்திருக்கிறது. நெருப்பு தணியும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர், கடைசியில் நான் மனம் மாறிவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்கலாம். மாறவில்லை. அந்த ஆட்டத்தில் என்னை வெளியே எடுத்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். வயலுக்குச் சரியான விதி எல்லாவற்றுக்கும் சரியாகிவிடாது. சேஷுவுக்கும் அவன் அப்பாவுக்கும் அன்று கிடைத்தது பெரிதுதான். அதற்கு எங்கள் வீடு போயிற்று என்பதும் அவ்வளவே உண்மை. இரண்டையும் நிறுத்துப் பார்க்க நாச்சிமுத்துவுக்கு உரிமை இருந்தது. அவன் அதைக் கையில் எடுக்க மறுத்தான்.

ஆனால் என் வாழ்க்கையில் நிறையப் பேர் என்னிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். இடம் இல்லை என்று சொன்னவர்கள், பிறகு பார்க்கலாம் என்றவர்கள், என் பெயரை விட்டுவிட்டவர்கள், எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு வருந்தினார்கள். படி இறங்குவதற்குள் மறந்தார்கள். நாச்சிமுத்து சாகக் கிடந்தான். நான் கேட்டது ஒரு வார்த்தை. அதை என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் மோரைக் குடித்துவிட்டு நண்பனாகத் திரும்பியிருப்பேன், அவனும் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பான். அவன் மனத்தில் இல்லாததை எனக்குத் தர அவனுக்கு விருப்பமில்லை. நான் கோபத்தோடு போவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பவேண்டிய ஆளாக அவன் ஒருபோதும் நினைக்கவில்லை.

அவனுடையது என்று என்னிடம் ஒரு படமோ பொருளோ கிடையாது. கோப்பை கல்லூரியில் இருக்கிறது. முறை அவன் ஊரில் இருக்கிறது. கட்டிலில் கிடந்தபடி என் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன மறுப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. அது இன்னும் வலிக்கிறது. என்னிடம் யாரும் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.